விதைப் பெட்டி பரவாயில்லை, உள்ளே இருக்கும் துண்டுச்சீட்டை மட்டும் நம்பாதீர்கள்

"பராமரிப்பே வேண்டாம், யார் போட்டாலும் வளரும்" என்று மேலே எழுதியிருந்த விதைப் பெட்டி ஒன்றை மூன்றரை மாதத்துக்கு முன் வாங்கினேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன், மூன்றும் விதைகளுக்கு மட்டும். விதையைத் தவிர பெட்டியில் வந்த மற்ற சாமான்களுக்குத் தனியாக மதிப்பெண் போடச் சொன்னால் பூஜ்யத்துக்குக் கீழே ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரிப் பெட்டியை நிறையப் பேர் விற்கிறார்கள், மேல்படம்தான் மாறுகிறதே தவிர உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் நான் சொல்வது உங்கள் கையில் இருக்கும் பெட்டிக்கும் பொருந்தலாம்.

உள்ளே பன்னிரண்டு பாக்கெட். பூவில் ஜின்னியா, காஸ்மாஸ், செண்டுமல்லி, சூரியகாந்தி, காசித்தும்பை, பத்துமணிப்பூ. காயில் முள்ளங்கி, வெண்டை, வெள்ளரி, தக்காளி, மிளகாய், கூடவே கொத்தமல்லி. இது போக இருபத்து நான்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) வில்லைகள், மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு, பெயர் எழுதிக் குத்திவைக்க மரக்குச்சிகள், தண்ணீர் தெளிக்க ஒரு ஸ்பிரே பாட்டில், பச்சை நிறத்தில் ஏதோ "வளர்ச்சி ஊக்கி", அப்புறம் இந்த விமர்சனத்தின் வில்லனான துண்டுச்சீட்டு.

வகைகளைத் தேர்ந்தெடுத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மிளகாயையும் ஓரளவு தக்காளியையும் விட்டுவிட்டால் மீதி எல்லாமே உண்மையிலேயே லேசில் வளர்கிறவை. விதைகளும் சுத்தமாக இருந்தன, உமியும் குப்பையும் கலக்கவில்லை. ஒவ்வொரு பாக்கெட்டையும் வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தேன், அது எனக்கு ஒரு பைத்தியம். ஜின்னியா அம்பு முனை மாதிரி தட்டையாக இருக்கும். காஸ்மாஸ் வளைந்த கறுப்பு ஊசி. செண்டுமல்லி பாதி கறுப்பு பாதி வைக்கோல் நிறத்தில், தேய்ந்துபோன குட்டித் துடைப்பம் போல. பத்துமணிப்பூ விதையைத் தாளில் தட்டியபோது முதலில் ஒன்றுமே விழவில்லை என்று நினைத்தேன், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பென்சில் சீவிய தூள் மாதிரி சாம்பல் பளபளப்பு. பாக்கெட்டின் மேல் ஏதோ மில்லிகிராம் கணக்கில் போட்டிருந்தார்கள், அதற்கே நூற்றுக்கணக்கில் இருந்தது மாதிரித் தோன்றியது, எண்ண முயன்று தும்மிவிட்டேன், அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. வெள்ளரி விதை மட்டும் பளீரென்ற ரோஸ் நிறம். அது பூஞ்சணக்கொல்லி பூசிய விதை. அதில் தவறில்லை, ஆனால் பாக்கெட்டில் ஒரு வரி எச்சரிக்கையாவது போட்டிருக்க வேண்டாமா? "குழந்தைகளோடு சேர்ந்து விதையுங்கள்" என்று பெட்டிமேல் படம் வேறு. கை கழுவச் சொல்ல அரை வரி போதும்.

சரி, துண்டுச்சீட்டுக்கு வருகிறேன். பன்னிரண்டு செடிக்கும் சேர்த்து நான்கே வரி. வில்லையைத் தண்ணீரில் ஊறவை, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையைப் போட்டு மூடு, தட்டுக்கு மூடி போட்டு வெயிலில் வை, காலையும் மாலையும் தண்ணீர் தெளி. சூரியகாந்திக்கும் இதே, தூள் மாதிரி இருக்கும் பத்துமணிப்பூவுக்கும் இதே. பெட்டி செய்தவர் ஒருவர், சீட்டு எழுதியவர் வேறு ஒருவர், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்பதுதான் என் ஊகம்.

நானும் முதல் தடவை அப்படியே செய்தேன். வகைக்கு இரண்டு வில்லை. வில்லை இருபத்து நான்குதான் என்பதால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் முக்கால்வாசி விதை மிஞ்சியது, அதுதான் பிற்பாடு என்னைக் காப்பாற்றியது. மூன்றாம் நாள் முள்ளங்கி எட்டிப் பார்த்தது. நான்காம் நாள் ஜின்னியா, செண்டுமல்லி. ஒரே சந்தோஷம். எட்டாம் நாள் தக்காளியும் வந்துவிட்டது, மூடியின் உட்புறம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், பார்க்க அழகாக இருந்தது. பதினோராம் நாள் காலையில் தக்காளி நாற்று நான்கும் தலை சாய்ந்து கிடந்தன. குனிந்து பார்த்தால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் நூல் மாதிரி சுருங்கி, பழுப்பாக, ஈரமாக இருந்தது, மேலே இலை இன்னும் பச்சை. விரலால் தொட்டதும் ஒடிந்து வந்தது. பக்கத்து வில்லைகளில் வெள்ளை நிறத்தில் பஞ்சு மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. மறுநாள் செண்டுமல்லியும் போனது.

இது நாற்றழுகல். மண்ணிலும் பழைய தட்டிலும் தண்ணீரிலும் இருக்கும் சில பூஞ்சை வகைகள், ஓயாத ஈரமும் அசையாத காற்றும் கிடைத்தால் இளம் தண்டைத்தான் முதலில் பிடிக்கும். மூடியைப் போட்டு, இரண்டு வேளையும் தண்ணீர் தெளித்து, அதற்கு விருந்து வைத்தது நான்தான், அழைப்பிதழ் அச்சடித்தது அந்தச் சீட்டு. முளை தெரிந்ததுமே மூடியை எடுத்திருக்க வேண்டும். கோகோபீட்டில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது: மேலே வெளுத்துக் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே பிழிந்தால் தண்ணீர் சொட்டும். மேல் நிறத்தைப் பார்த்துத் தண்ணீர் விடுகிறவன் நிச்சயமாக அதிகம் விடுவான். வில்லையைக் கையில் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல சோதனை இல்லை.

இந்த இடத்தில் எனக்கு விண்வெளி நிலையத்து ஜின்னியா ஞாபகம் வந்தது. 2015 கடைசியில் அங்கே ஜின்னியா வளர்த்தார்கள், ஈரம் அதிகமாகி இலைகளில் பூஞ்சணம் வந்துவிட்டது. அப்போது அங்கே இருந்த ஸ்காட் கெல்லி, கீழே பூமியிலிருந்து வரும் கால அட்டவணைப்படி இல்லாமல் செடியைப் பார்த்து எப்போது தண்ணீர் வேண்டும் என்று தானே முடிவு செய்கிறேன் என்றார். நாசாவும் ஒப்புக்கொண்டு அவருக்கு ஒரே ஒரு பக்கத்தில் வழிகாட்டி அனுப்பியது. பிழைத்த செடி 2016 ஜனவரியில் பூத்தது. என் வீட்டு வாசலுக்கு யாரும் அட்டவணை போட்டு அனுப்பவில்லை, நானாகத்தான் ஒரு சீட்டுக்கு அடிமையாக இருந்தேன்.

இரண்டாம் தடவை சீட்டை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, மிஞ்சிய விதைகளை அதது கேட்கிற மாதிரி போட்டேன். முள்ளங்கி, கொத்தமல்லி, வெண்டை, சூரியகாந்தி, ஜின்னியா, காஸ்மாஸ் இத்தனையும் நேரடியாக மண்ணில். தக்காளி, மிளகாய், செண்டுமல்லி மட்டும் சின்னத் தொட்டிகளில் நாற்றாக. அடிப்படைக் கணக்கு ஒன்று உண்டு, விதையின் தடிமனைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம், அவ்வளவே. தூள் விதை என்றால் மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும். பத்துமணிப்பூ விதையை ஒரு கைப்பிடி உலர்ந்த மணலோடு கலந்து உப்புத் தூவுகிற மாதிரி தூவினேன், மூடவே இல்லை. முதல் தடவை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஒன்றுகூட வெளியே வராத அதே பாக்கெட்டிலிருந்து இந்தத் தடவை பாய் விரித்த மாதிரி முளைத்தது. விதை மேல் எந்தக் குற்றமும் இல்லை.

சூரியகாந்தியில் தலைகீழ்ப் பிரச்சினை. வில்லையில் ஒரு சென்டிமீட்டரில் போட்டபோது முளைத்தது, ஆனால் விதையின் மேலோட்டைத் தொப்பி மாதிரி தலையில் மாட்டிக்கொண்டே வந்தது, வித்திலைகள் (முளையின் முதல் இரண்டு இலைகள்) விரிய முடியாமல் கிடுக்கியில் மாட்டிய விரல் போல இரண்டு நாள் நின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, நகத்தால் மெதுவாகக் கழற்றினேன், அதிலும் ஒன்று வித்திலையோடு பிய்ந்து வந்துவிட்டது. மண்ணில் இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டதற்கு இந்த வம்பே இல்லை, மேலேறி வரும்போது மண்ணே ஓட்டை உரசிக் கழற்றிவிடுகிறது. (மூன்று விதையை அணில் தோண்டித் தின்றது, அதைப் பெட்டிக்காரர் கணக்கில் எழுத முடியாது.)

முள்ளங்கியை யார் வில்லையில் போடச் சொன்னார்களோ தெரியவில்லை. வேர்தான் காய், அந்த வேரைப் பிடுங்கி இடம் மாற்றினால் கோணல்மாணலாகத்தான் போகும். மண்ணில் நேரடியாகப் போட்டு, முளைத்ததும் விரல்கடை இடைவெளி விட்டு மற்றதைக் கலைத்துவிட வேண்டும். கலைக்கும்போது மனசு கேட்காது, எனக்கும் கேட்கவில்லை, ஒரு வரிசையைக் கருணையோடு அப்படியே விட்டேன். முப்பதாம் நாள் பிடுங்கினால் கலைத்த வரிசையில் உருண்டு திரண்ட கிழங்கு, கருணை காட்டிய வரிசையில் எலிவால். பிடுங்காமல் கத்தரிக்கோலால் மண்ணோடு வெட்டிவிடுங்கள், பக்கத்துச் செடியின் வேர் ஆடாது.

கொத்தமல்லி முழுசாக உருண்டையாக வரும், அது ஒரு விதை இல்லை, இரண்டு பாதி ஒட்டியிருப்பது. உருட்டி லேசாக நசுக்கி இரண்டாக்கிப் போட்டேன். பதின்மூன்று நாள் ஆனது, அவசரப்பட்டு அதே இடத்தில் வேறு ஏதும் விதைத்துவிடாதீர்கள். வெண்டையை ராத்திரி ஊறவைத்துக் காலையில் போட்டால் சீக்கிரம் வருகிறது, ஊறவைக்காமல் போட்டதைவிட மூன்று நாள் முந்தியது என் வீட்டில். வெண்டைப் பூ ஒரு நாள்தான், காலையில் விரிந்து சாயங்காலம் சுருண்டுவிடும். அதன்பின் நாலைந்து நாளில் காயைப் பறிக்கவில்லையென்றால் நார். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்து பறித்ததைக் கத்தியே மறுத்துவிட்டது.

வெள்ளரியில் முதல் பத்து நாள் பூக்கிறது, எல்லாம் உதிர்கிறது. பாக்கெட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன், அம்மா வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் ஆம்பளப் பூடா, பொறு" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். பின்புறம் விரல்நுனி அளவுக்குக் குட்டிக் காயோடு வருவதுதான் பெண்பூ, அது பிந்தித்தான் வரும். இந்த ஒரு வரி அந்தச் சீட்டில் இருந்திருந்தால் எத்தனை பேர் கொடியைப் பிடுங்கிப் போடாமல் இருப்பார்கள்.

பூக்களில் ஜின்னியாதான் ராணி. ஒரு முழத்துக்கும் கொஞ்சம் குறைவாக வளர்ந்ததும் மூன்றாவது ஜோடி இலைக்கு மேலே நுனியைக் கிள்ளிவிட்டேன், ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிக் கிளைத்தது. பூவை வெட்ட வெட்டப் பூக்கிறது. தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள், இல்லையென்றால் சாம்பல் நோய் மாவு தூவிய மாதிரி வந்துவிடும். காஸ்மாஸுக்கு நான் பிரியமாக மண்புழு உரம் வைத்தேன், அது என் இடுப்பு உயரம் வளர்ந்து இலையாகக் கொட்டியது, பூ நாலே நாலு. உரமே காட்டாத ஓரத்து மண்ணில் தவறி விழுந்து முளைத்த செடி முழங்கால் உயரத்தில் நின்று, தலைமுழுக்கப் பூத்தது. இந்தப் பெட்டியில் "சுலபம்" என்று எழுதிய வகைகளுக்கு நாம் எதுவும் செய்யாமல் இருப்பதுதான் வேலை. அவர்களோ செய்வதற்கு நிறையச் சாமான்களை அதே பெட்டியில் வைத்து விற்கிறார்கள்.

காசித்தும்பை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, போட்டேன், வந்தது. காய் முற்றியதும் தொட்டால் வெடித்துச் சுருண்டு விதையைத் தெறிக்கிறது, வீட்டுப் பிள்ளைகளுக்கு அது போதும்.

தக்காளியும் மிளகாயும் இந்தப் பெட்டியில் இருக்கவே கூடாது என்பேன். தக்காளி பரவாயில்லை, வெளிச்சம் போதாமல் நெட்டையாக ஒல்லியாகப் போனாலும் தண்டைப் பாதிவரை மண்ணில் புதைத்து நட்டுவிடலாம், புதைந்த இடத்திலும் வேர் விடும். ஆனால் மிளகாய்க்குச் சூடு வேண்டும், 25 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் முகம் கொடுக்கும், அப்படியும் எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. முதல்முதலாக விதை போடுகிறவர் பத்தாம் நாளே தொட்டியைக் கவிழ்த்துவிடுவார். அதற்குப் பதில் ஒரு கீரைப் பாக்கெட் வைத்திருக்கலாம்.

இப்போது நிஜமாகவே கோபம் வந்த இடம். சீட்டின் பின்பக்கம் "ஒருமுறை வாங்கினால் போதும், அடுத்த வருடம் உங்கள் செடியிலிருந்தே விதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. தக்காளி, வெள்ளரி இரண்டு பாக்கெட்டின் மூலையிலும் எறும்பு எழுத்தில் எஃப்1 என்று இருக்கிறது. அதாவது வீரிய ஒட்டு, இரண்டு வேறு வகைகளைச் சேர்த்து எடுத்த விதை. அதன் விதையைப் போட்டால் முளைக்கும், ஆனால் அதே செடி வராது, தாத்தா பாட்டி குணமெல்லாம் பிரிந்து கலந்து வரும். மெண்டல் 1866-லேயே பட்டாணியில் கணக்குப் போட்டுக் காட்டியதுதான் இது: நெட்டையும் குட்டையும் சேர்த்தால் முதல் தலைமுறை முழுக்க நெட்டை, அதன் பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று குட்டை. ஒட்டு விதை விற்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை, காய் நன்றாகக் காய்த்தது, நோயும் வரவில்லை. ஆனால் ஒட்டு விதையைக் கொடுத்துவிட்டு விதை எடுத்துக்கொள் என்று சொல்வது பொய். வெண்டை, முள்ளங்கி, கொத்தமல்லி எல்லாம் சாதாரண வகைதான், அதில் எடுக்கலாம். பூக்களிலும் எடுக்கலாம், நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

வில்லைகளைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த வில்லை தண்ணீர் பட்டதும் பிஸ்கட்டிலிருந்து குட்டி உருளையாக எழும்புவதை வேடிக்கை பார்க்கலாம், அந்த அளவில் நல்ல பொருள். சுற்றி ஒரு மெல்லிய வலை இருக்கிறது, "அப்படியே நடலாம், மக்கிவிடும்" என்றார்கள். வளராமல் முடங்கிக் கிடந்த ஒரு வெள்ளரியை இரண்டு மாதம் கழித்துப் பிடுங்கினேன். வலை புத்தம் புதிதாக இருந்தது. உள்ளே வேர் மொத்தமும் மூடிய கைமுட்டி மாதிரி சுருண்டு, இரண்டு மூன்று வேர் மட்டும் கண்ணி வழியே வெளியே வந்து, அந்த இடத்தில் இறுகி வீங்கியிருந்தன. நடும்போது வலையைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள். அதைவிட, அடியில் ஓட்டை போட்ட பழைய டப்பா எதுவானாலும் இதே வேலையைச் செய்யும்.

பாக்கெட்டில் அடைத்த தேதி இருக்கிறது, முளைப்புத்திறன் எப்போது சோதித்தார்கள், எத்தனை சதவீதம் என்பது இல்லை. விதைக்கும் ஆயுசு உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே ஆயுசு இல்லை. வெங்காய விதை ஓரிரு வருடத்தில் சோர்ந்துவிடும், தக்காளி நாலைந்து வருடம் தாங்கும். 1879-ல் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் பாட்டில்களில் விதைகளை மணலோடு கலந்து புதைத்துவைத்தார், 2021-ல் தோண்டிய பாட்டிலிலும் சில முளைத்தன என்பது வேறு கதை, அவை எல்லாம் களைச்செடி விதை, களைக்குத்தான் அந்தப் பிடிவாதம். நமக்கு வீட்டுச் சோதனை போதும்: பத்து விதையை ஈரத் தாளில் சுருட்டி, ஒரு பையில் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். நான் மிஞ்சியவற்றில் அப்படிப் பார்த்ததில் ஜின்னியா ஒன்பது, முள்ளங்கி பத்துக்குப் பத்து, வெண்டை எட்டு, தக்காளி எட்டு, மிளகாய் ஆறு. மிளகாயைத் தவிர குறை சொல்ல இடமில்லை. மூன்று நட்சத்திரம் அங்கிருந்துதான் வந்தது.

வாங்கலாமா என்றால், யாருக்காவது பரிசு கொடுக்க வாங்கலாம், பெட்டி அழகு. உங்களுக்கென்றால் வேண்டாம், தனித்தனிப் பாக்கெட்டாக ஜின்னியா, வெண்டை, முள்ளங்கி, பத்துமணிப்பூ நான்கும் வாங்குங்கள். அது நன்றாக வந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். வில்லை, தட்டு, ஸ்பிரே எதுவும் தேவைப்படாது. மரக்குச்சியில் நான் எழுதிய பெயர்கள் பத்தே நாளில் தண்ணீரில் கரைந்து போயின, செண்டுமல்லி எது, தக்காளி எது என்று இலையை முகர்ந்துதான் கண்டுபிடித்தேன்.

அந்தப் பச்சைத் திரவத்தை இன்னும் திறக்கவில்லை. லேபிளில் "இயற்கைச் சத்துகள்" என்பதைத் தவிர என்ன இருக்கிறது, லிட்டருக்கு எவ்வளவு கலப்பது என்று எதுவும் இல்லை. கேட்டு எழுதினேன், "செடிக்கு மிகவும் நல்லது" என்று பதில் வந்தது. மறுபடியும் கேட்டேன், இன்றோடு ஐந்து வாரம். பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது.